மரப்பாச்சிக்கு 1806-ஆம் ஆண்டுத் தலைப்பாகை: வேலூரில் ஒரு வீட்டுப் பட்டறை

வேலூர் வேலப்பாடியில் ஒரு வீட்டின் முன்னறையில் நடந்துவரும் இந்தச் சிறு தொழிலில் பொம்மை கிடைக்காது. பொம்மைக்கு வேண்டியவை மட்டுமே கிடைக்கும். தலைப்பாகை, கச்சை, செருப்பு, கேடயம், வாள், கழுத்தணி, தோள்வளை, கொடி என்று கொலுப்படியில் நிற்கும் மரப்பாச்சிக்கும் மண்பொம்மைக்கும் பொருந்தும் அணிகளை, அவை இன்ன காலத்தைச் சேர்ந்தவை என்று சொல்லத்தக்க வகையில், கையாலேயே செய்து தருகிறார் அதை நடத்தும் பெண்மணி. உடன் வேலை செய்பவர்கள் அவருடைய நாத்தனாரும், கல்லூரி முடிந்து மாலையில் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும்தான். நவராத்திரிக்கு முன் வரும் ஆர்டர்களையே முடித்துக் கொடுக்கத் திணறுவதால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கே எழுதவில்லை. வேலூர்க்காரர்கள் விசாரித்துக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கடினமன்று.

சில ஆண்டுகளாக இவரிடம் வாங்கிவருகிறேன். துணியிலும் தோலிலும் இவர் செய்பவை நம் ஊர்க் கொலுக்கடைகளில் காணக் கிடைக்காத தரத்தில் இருக்கின்றன. உலோகத்தில் செய்பவை அந்தத் தரத்தை எட்டவில்லை. கொடுக்கிற விலைக்கு எது தகும், எது தகாது என்பதை வாங்க நினைப்பவர்கள் அறிந்துகொண்டு ஆர்டர் கொடுப்பது நல்லது என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மரப்பாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவருடைய தொழிலின் சிரமமும் திறமையும் அதில்தான் இருக்கின்றன. செம்மரத்தில் கடைந்தெடுத்த ராஜா ராணி ஜோடி திருப்பதியிலிருந்து வருவது வழக்கம். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருப்பதியும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததாகவே இருந்தது என்பதால், மரப்பாச்சியை இந்த வட்டாரத்துப் பொம்மை என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. நவராத்திரி நெருங்கும்போது ஜோடியை எடுத்துத் துடைத்து, புதுத்துணி உடுத்தி, முத்துமாலை கட்டி மேல்படியில் நிறுத்துவது பல வீடுகளில் பெண்பிள்ளைகளின் பொறுப்பு. அந்த உடை பெரும்பாலும் ஜரிகைத் துண்டு ஒன்றைச் சுற்றிப் பின்புறம் ஊசி குத்துவதோடு முடிந்துவிடும். காரணம் எளியது: மரப்பாச்சியின் கைகள் உடம்போடு ஒட்டியே செதுக்கப்பட்டவை. கையை நுழைக்கச் சட்டைக்கு வழியில்லை. இடுப்பும் தொடையும் ஒரே கட்டையாக இருப்பதால் கால்சட்டைக்கும் வழியில்லை. தலையோ உடம்புக்குச் சற்றுப் பெரியது. மேல்நாட்டுப் பொம்மைகளுக்கென்று வெட்டிய எந்த மாதிரித் துணியும் இதற்குப் பொருந்தாது.

இவர் இதற்குக் கண்டிருக்கும் வழி பார்க்கத் தகுந்தது. கோட்டின் முன்பாகத்தை இரண்டு துண்டுகளாக வெட்டி, கையை உடம்போடு சேர்த்தே மூடும்படி வைத்து, கைக்கும் விலாவுக்கும் நடுவில் மரத்தில் ஓடும் பள்ளத்தின் வழியே ஒரு மடிப்பை உள்ளே தள்ளி, அந்த மடிப்பின் மேல் மெல்லிய கயிற்றுத் தையல் ஓட்டிவிடுகிறார். முன்னாலிருந்து பார்க்கும்போது சட்டைக்கை தனியாகவே தெரிகிறது. முதுகுப்புறத்தில் கொக்கி வைத்திருப்பதால் விழா முடிந்ததும் கழற்றி வைக்கலாம். துணியின் ஓரங்களை மடித்துத் தைத்தால் அந்த அளவில் மொத்தையாகிவிடும் என்பதால், மடிக்காமல் ஓரத்தில் நீர்த்த பசையைத் தடவிக் காயவைத்து வெட்டியிருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் நூல் பிரியவில்லை.

இவர் செய்வனவற்றுள் தலைசிறந்தது வேலூர்ப் புரட்சித் தொகுப்பு. 1805 நவம்பரில் கும்பினியின், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின், சென்னை ராணுவத்தில் உடை விதிகள் மாற்றப்பட்டன. சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி இடக்கூடாது, காதணி அணியக்கூடாது, தாடி வளர்க்கக்கூடாது, மீசையை ஒரே சீராகக் கத்தரிக்க வேண்டும் என்பவற்றோடு, பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தோலில் வெட்டிய சின்னம் பதித்த, வெள்ளைக்காரர் தொப்பியை நினைவூட்டும் புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள் அணிய வேண்டும் என்றும் ஆணை வந்தது. அந்தத் தோல் பசுவுடையதா பன்றியுடையதா என்ற ஐயம் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருதரப்பையும் ஒருசேரக் கலங்கவைத்தது. அணிய மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்ததற்குத் திப்புவின் குடும்பம் அங்கே சிறைவைக்கப்பட்டிருந்தது உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கண்ணால் காணக்கூடிய காரணம் அந்தத் தலைப்பாகைதான். மக்கான் சந்திப்பில் நினைவுத்தூணைத் தினந்தோறும் கடந்துபோகிற நம்மில் எத்தனை பேருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்?

அதனால்தான் இவர் சிப்பாய் ஒருவருக்கு இரண்டு தலைப்பாகைகளைக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்று துணியைச் சுற்றிக் கட்டிய பழைய வகை. மற்றொன்று கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கித்தான் துணியை மர அச்சில் வைத்து உருவாக்கிய புதிய வகை. புதியதன் முன்புறத்தில் கொண்டைக்கடலை அளவே உள்ள தோல் வட்டம் ஒன்று, மடிப்பு மடிப்பாகக் கீறப்பட்டு, நடுவில் ஒரே ஒரு தையலால் பிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் அந்தத் தோலைத் தொட்டுப் பார்க்காமல் இருப்பதில்லை. அடுத்த கேள்வி எதற்காக இது என்பதாகத்தான் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் முடிந்துபோகும் செய்தியைக் கொலு பார்க்க வந்த பிள்ளை பத்து நிமிடம் நின்று கேட்டுவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போகிறது.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறார். எந்தெந்தப் பொருளுக்கு எழுத்திலோ சிற்பத்திலோ ஓவியத்திலோ ஆதாரம் உண்டு, எது தம்முடைய ஊகம் என்று அதில் பிரித்து எழுதியிருக்கிறது. புரட்சித் தொகுப்பின் சீட்டில், தலைப்பாகையில் தோல் இருந்தது என்பது ஆதாரம் உள்ளது என்றும், அதன் மடிப்பு அமைப்பு ஊகம் என்றும் இருந்தது. தனியாக விலை வைத்து விற்கும் திப்புவின் கொடிக்கும் அப்படியே: கோட்டையில் அன்று மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது வரலாறு, அதன் மேல் தாம் வரைந்திருக்கும் புலிவரிகளின் அமைப்பு ஊகம். சரித்திரப் பொம்மை என்ற பெயரில் மனம்போன போக்கில் கிரீடத்தையும் கல்லையும் ஒட்டித் தள்ளுகிற சந்தையில் இந்த நேர்மை அரிது. சீட்டின் அச்சு மங்கலாகவும் எழுத்துப்பிழைகளோடும் இருப்பதை மட்டும் அவர் திருத்திக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றி ஒரு சொல். பத்து அங்குல மரப்பாச்சியின் பக்கத்தில் அது தோளுக்கும் மேலாக உயர்ந்து நிற்பதைப் பார்த்து அளவு பிசகிவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. கும்பினிப் படையினர் கையாண்ட பிரௌன் பெஸ் துப்பாக்கியின் குழல் மட்டுமே 39 அங்குலம். முழு நீளம் ஏறத்தாழ 55 அங்குலம். ஐந்தரை அடி ஆளுக்கு அது தோளைத் தொடும். ஆகவே பத்து அங்குலப் பொம்மைக்கு எட்டே கால் அங்குலத்துக்கு மேல் இருப்பதுதான் சரி. தேக்குச் சிம்பில் கட்டையும், பழைய குடைக்கம்பியில் குழலும் செய்திருக்கிறார்.

தோல் வேலைக்கு வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள் இருக்கும்போது பொம்மைக்கான தோலுக்குப் பஞ்சமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். காலணித் தொழிற்சாலைகளில் கழிக்கப்படும் துண்டுகள் கிலோக் கணக்கில் கிடைக்கின்றன. இவரும் தொடக்கத்தில் அவற்றைத்தான் வாங்கினாராம். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை குரோம் முறையில், அதாவது குரோமிய உப்புகளால், பதனிட்டவை. மேலே என்ன சாயம் ஏற்றியிருந்தாலும் குறுக்கே வெட்டினால் பல துண்டுகளின் நடுவில் ஒரு நீலச்சாம்பல் கோடு தெரியும். நாம் போடுகிற செருப்பில் அது கண்ணுக்குப் படாது. கால் அங்குல அகலமுள்ள பொம்மைக் கச்சையில் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் விழும். தவிரவும் குரோம் பதனிடுதல் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. 1806-ஆம் ஆண்டுச் சிப்பாயின் மார்பில் அது இருக்க நியாயமில்லை.

ஆகவே இப்போது தாவர முறையில் பதனிட்ட ஆட்டுத்தோலைத் தேடி வாங்குகிறார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு, ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போன சரக்கின் வழிவந்தது அது. வெளிர் பழுப்பு நிறம். ஓரத்தை ஈரப்படுத்தி எலும்புக் கத்தியால் தேய்த்தால் மினுமினுப்பாக அமுங்குகிறது. அதையும் பின்புறம் சீவிச் சீவிக் காகிதப் பருமனுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வெட்டுகிறார். சீவும்போது கிழிந்துபோகும் துண்டுகள் பாதிக்குப் பாதி என்றார். மார்பில் குறுக்காகப் போகும் இரண்டு பட்டைகளையும், அவை சந்திக்கும் இடத்தில் இருக்கும் தகட்டையும், தோட்டாப் பையின் மூடியையும் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த உழைப்பு தெரியும். பையின் மூடி திறக்கிறது. உள்ளே காகிதம் சுற்றிய தோட்டாக்கள்கூட இருக்கின்றன. யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்று சொல்லியும் அவர் விடவில்லை.

மற்ற தொகுப்புகளில் செங்கம் நடுகல் வரிசையைத் தயங்காமல் வாங்கலாம். பழைய வட ஆர்க்காட்டின் செங்கம் வட்டாரத்தில் ஆநிரை மீட்கும் பூசலிலும் பிற சண்டைகளிலும் இறந்த வீரர்களுக்கு நட்ட, பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் ஏராளம். அவற்றுள் எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மன் காலத்தது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் சேர்த்துப் பொறித்தது. இந்தத் தொகுப்பில் வில், குறுவாள், இடைக்கச்சை, முடியை அள்ளிக் கட்டும் நாடா ஆகியவற்றோடு ஒரு நாய்க்கான கழுத்துப்பட்டையும் வருகிறது. நாயை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பொம்மை விற்பதில்லை என்ற தம் கொள்கையில் அவர் உறுதியாக இருக்கிறார். மண்ணில் செய்த நாய் ஒன்றைத் தனியே சொல்லிச் செய்யவைத்து நிறுத்தினேன், பொருத்தமாகவே அமைந்தது.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்துச் செய்த நாயக்கர் கால அணிகள் அவ்வளவாக என்னைக் கவரவில்லை. கழுத்தணியின் அடுக்கும் தோள்வளையின் வடிவமும் சிற்பத்தை ஒத்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் கல்லில் நிறமில்லை. நிறத்தை இவராகத் தேர்ந்தெடுக்கும்போது கடைவீதிக் குந்தன் கற்களின் பளபளப்பு உள்ளே வந்துவிடுகிறது. கெம்புச் சிவப்பும் பச்சையும் மட்டும் வைத்து, கல்லின் அளவை இன்னும் குறைத்தால் நன்றாக இருக்கும். தெய்வப் பொம்மைகளுக்கு வாங்குவோருக்கு இது குறையாகத் தோன்றாது. பாவாடைக்கு ஆரணிப் பட்டின் வெட்டுத்துண்டுகளைப் பயன்படுத்தியிருப்பது சிறப்பு. கரையின் அகலம் பொம்மைக்கு ஏற்றதாக இருக்கும் துண்டுகளையே பொறுக்கியிருக்கிறார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வாள்களைத் தகரத்தில் வெட்டி வெள்ளிநிறச் சாயம் பூசுகிறார். உறையிலிருந்து நாலு முறை எடுத்து வைத்தால் ஓரத்தில் சாயம் உரிந்து கருக்கிறது. பித்தளைத் தகட்டை அராவிச் செய்தால் இந்தத் தொல்லை இராது. அதற்கு வேண்டிய கருவியும் இடமும் இல்லை என்பது அவர் பதில். அப்படியானால் வாளை வெளியில் கொடுத்துச் செய்து வாங்கலாம், அல்லது வாளே இல்லாமல் உறையையும் பிடியையும் மட்டும் செய்து விலையைக் குறைக்கலாம். இன்னொன்று, மணிகளையும் சமிக்கியையும் சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டுவது. வேலூர் வெயிலில் இது நிற்கவே நிற்காது. அக்கினி நட்சத்திரத்தில் கூரியர் வண்டியில் கிடந்து வந்த ஒரு பெட்டியைத் திறந்தபோது கழுத்தணியின் மணிகள் பாதி அடியில் உருண்டுகொண்டிருந்தன. கேட்டவுடன் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றி வந்ததில் மணிகள் நூலில் கோத்துத் தைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் முதலிலேயே அப்படிச் செய்துவிடலாமே என்பதுதான் என் கேள்வி.

அளவு கொடுக்கும் முறையைக் கவனமாகப் பின்பற்ற வேண்டும். பொம்மையின் உயரத்தை மட்டும் சொன்னால் அவர் ஆர்டரை எடுப்பதில்லை. தலை, மார்பு, இடுப்பு ஆகிய மூன்று சுற்றளவுகளும் வேண்டும். அதுவும் நூலாக வேண்டும். “நூலைச் சுத்தி முடிச்சுப் போட்டு, அந்த நூலையே கவர்ல வெச்சு அனுப்பிடுங்கம்மா, டேப்புல அளந்து சொன்னா ஒரு சுத்து கூடிப்போகுது” என்பார். பழைய மரப்பாச்சிகள் கையால் செதுக்கியவை என்பதால் ஜோடியிலேயே ராஜாவுக்கும் ராணிக்கும் இடுப்பு ஒன்றாக இராது. இரண்டுக்கும் தனித்தனி நூல் வைத்து, எது யாருடையது என்று சீட்டுக் கட்டி அனுப்புவது நல்லது. உள்ளூரில் இருப்பவர்கள் பொம்மையையே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

விலை: புரட்சித் தொகுப்பு முழுவதும் 1,850 ரூபாய், கொடிக்குத் தனியாக 180 ரூபாய். நடுகல் தொகுப்பு 900 ரூபாய். நாயக்கர் கால அணிகள் ஜோடிக்கு 1,200 ரூபாய். பாதித் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். லாங் பஜாரில் அறுபது எழுபது ரூபாய்க்குப் பொம்மை நகை செட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு இது மலைப்பாக இருக்கும். அதிக விலை என்று நானும் முதலில் பேரம் பேச நினைத்ததுண்டு. ஆனால் அவர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று கேட்ட பிறகு, குறைத்து வாங்குகிறார் என்றே தோன்றியது. தோல், துணி, நூல், பெட்டி எல்லாம் சேர்ந்து விலையில் கால் பங்குக்குக் கிட்டே வருகிறது. மீதி கூலி. அந்தக் கூலியை அவர் நாத்தனாருக்கும் அந்தப் பெண்ணுக்கும் மணிக்கணக்கில் கொடுத்துவிட்டுத் தமக்கு மிஞ்சியதை எடுத்துக்கொள்கிறார். சீவும்போது கிழிந்த தோலும், ஆதாரம் தேடிக் கோட்டை அருங்காட்சியகத்திலும் கோயில் மண்டபத்திலும் நின்ற நேரமும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வீட்டுப் பெண்கள் நடத்தும் கைத்தொழில்களில் இது ஒரு தீராத நோய். வாடகை கொடுக்காத முன்னறையையும் கூலி கேட்காத சொந்த உழைப்பையும் இனாமாகப் போட்டு விலை வைத்துவிட்டு, வளர வேண்டும் என்று ஆள் சேர்க்கும் நாளில் கையைப் பிசைவார்கள். அடுத்த ஆண்டு புரட்சித் தொகுப்பை 2,200 ரூபாய்க்கு உயர்த்தினாலும் வாங்குவோர் வாங்குவார்கள் என்று அவரிடமே சொன்னேன்.

தமிழ்நாட்டுக்குள் மட்டுமே அனுப்புகிறார். உள்மாநிலத்தில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநில விற்பனையில் அந்தச் சலுகை பொதுவாக இல்லாததால் அந்த வம்புக்குப் போகவில்லை. பெங்களூரிலிருந்து கேட்பவர்களுக்கு, வேலூரில் உறவினர் இருந்தால் அவரை அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொல்கிறாராம். சிகிச்சைக்கென்று நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கும் ஊரில் இது ஒன்றும் நடக்காத காரியமில்லை.

பேக்கிங் குறை சொல்ல முடியாதது. தலைப்பாகை நசுங்காமல் இருக்க உள்ளே பஞ்சு, தோல் பட்டைகள் மடங்காமல் இருக்க அட்டைக்குழல், துப்பாக்கிக்குத் தனி உறை. காலம் தவறாமையைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. நவராத்திரிக்கான ஆர்டர்களை ஆடி பிறந்ததும் எடுக்கத் தொடங்கி விநாயகர் சதுர்த்தியோடு நிறுத்திவிடுவதாகச் சொல்கிறார். ஆனால் தெரிந்தவர்கள் வந்து கேட்டால் அதன் பிறகும் தட்டமாட்டார். விளைவாக ஆடியிலேயே பணம் கட்டியவரின் பெட்டி மகாளய அமாவாசைக்கு முதல்நாள் மாலை வந்து சேர்கிறது, மறுநாள் படி கட்ட வேண்டிய வீட்டுக்கு. தாட்சண்யத்துக்காக ஒத்துக்கொள்ளும் ஆர்டர்களை அவர் நிறுத்தாத வரை, வாங்குகிறவர்கள் தை மாசியிலேயே நூலைக் கொடுத்துவிடுவதுதான் வழி. அந்த மாதங்களில் வேலை குறைவு என்பதால் நிதானமாகவும் செய்கிறார். என்னிடம் இருப்பவற்றில் நேர்த்தியானவை எல்லாம் அப்போது வந்தவையே.

சிறு குழந்தைகள் எடுத்து விளையாடும் வீட்டுக்கு இவை ஏற்றவையல்ல. தோட்டாவும் தோல் வட்டமும் வாய்க்குள் போகும் அளவில் இருக்கின்றன. அழுத்தமான பட்டும் பளபளப்பும் வேண்டும் என்பவர்களுக்கும் கடைவீதி செட்டே போதும். வாங்கியவர்கள் விழா முடிந்து எடுத்துவைக்கும்போது தோல் பொருள்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட வேண்டாம், ஐப்பசி மழை முடிவதற்குள் பூஞ்சை பூத்துவிடும். பழைய வேட்டித் துணியில் தனித்தனியே சுற்றி, ஜரிகை படாத மூலையில் நாப்தலின் உருண்டையை வைத்து, தலைப்பாகைக்குள் இருந்த பஞ்சை எடுக்காமல் அட்டைப்பெட்டியிலேயே வைப்பது போதும்.